புதுப்பாளையம் சென்ற வழக்கறிஞர்

பெங்களூரிலிருந்து ஹெப்பகோடி, சந்தாபுரா, அத்திபெலே ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலை ஓசூரை அடைகிறது. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், சக்கரவர்த்தி ஐயங்காருக்கும் சிங்காரம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் இராஜகோபாலாச்சாரி. நாடு அவரை இராஜாஜி என்று அழைத்தது. தந்தையார் ஊர் முன்சீப்பாக இருந்தார். பெரிய செல்வம் இல்லாத குடும்பம். ஆயினும் மகனின் கல்வியில் தந்தையார் குறை வைக்கவில்லை. ஓசூரில் பள்ளிக்கல்வியும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் மேற்படிப்பும், சென்னையில் சட்டக்கல்வியும் பெற்ற இராஜாஜி, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

தொழில் வளர்ந்தது, புகழும் பொருளும் சேர்ந்தன. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். ஆனால் இல்வாழ்வு நெடுநாள் இனிக்கவில்லை. மனைவி அலமேலு மங்கம்மாள் இளவயதிலேயே மறைந்தார். ஐந்து மக்களையும் வளர்க்கும் பொறுப்பு இராஜாஜியின் மீது விழுந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் அவருடைய வாழ்வைத் திசை திருப்பியது. நல்ல வருவாய் தந்த தொழிலைக் கைவிட்டார். 1921ஆம் ஆண்டின் இறுதியில் சிறை சென்று, வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் கழித்தார். காந்தியடிகள் சிறையிலிருந்தபோது யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். சட்டமன்றங்களுக்குள் காங்கிரசார் செல்லலாகாது என்பது அவருடைய கொள்கை. கட்சியில் பலர் அதற்கு மாறாக நின்றனர். நாளடைவில் அவர்கள் கையே ஓங்கியது. தொழிலும் இல்லை, கட்சியிலும் தம் சொல் எடுபடவில்லை என்னும் நிலையில் இராஜாஜி நின்றார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்துமா நோயும் அவரை வருத்தி வந்தது.

இந்த நிலையில்தான் அவர் சிற்றூர் ஒன்றைத் தேடினார். திருச்செங்கோட்டிற்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தின் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்து உதவினார். 1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்குக் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. மறு மாதமே காந்தியடிகள் நேரில் வந்து பார்வையிட்டார். ஆசிரமம் என்றவுடன் சோலையையும் ஓடையையும் எண்ண வேண்டா. அது மழையை நம்பியிருக்கும் வறண்ட பூமி. சில குடிசைகள், இராட்டைகள், தறிகள் இவையே ஆசிரமம். நகரத்து வீட்டில் வளர்ந்த மகள் இலட்சுமியும் மகன் நரசிம்மனும் தந்தையுடன் அக்குடிசை வாழ்வைப் பழகிக்கொண்டனர். பின்னாளில் நாடறிந்தவரான க. சந்தானமும் அங்கு வந்து தங்கிப் பணியாற்றினார்.

புதுப்பாளையத்திற்கு இராஜாஜி அயலார். சாதியால் வேறானவர், தொழிலால் நீதிமன்றத்தைச் சார்ந்தவர், உழவு அறியாதவர். பெரிய வக்கீல் ஒருவர் வேலையை விட்டுவிட்டுத் தங்கள் நடுவே வந்து நூல் நூற்பதன் பொருள் ஊராருக்கு உடனே விளங்கியிருக்க இயலாது. அதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களும் மற்றவர்களும் ஒரே இடத்தில் வாழ்ந்தனர். ஒன்றாக அமர்ந்து உண்டனர். தீண்டாமை வேரூன்றியிருந்த அந்நாளில் சுற்றுப்புறத்தார் இதனை எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. இராஜாஜி இதில் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரின் அன்பைப் பெறுவதற்காக ஆசிரமத்தின் கதவை ஒரு சாராருக்கு அடைத்திருந்தால் அவருக்கு வாழ்க்கை எளிதாகியிருக்கும். ஆனால் அவர் அங்கு வந்ததற்கே பொருள் இல்லாமல் போயிருக்கும்.

ஊராரை நெருங்கச் செய்தது பஞ்சும் நூலும்தான் எனலாம். மழை பொய்த்தால் அப்பகுதியில் வயலில் வேலை இராது. வேலை இல்லையேல் கூலி இல்லை. ஆசிரமம் சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்தது. அவர்கள் தத்தம் வீட்டில் இராட்டையில் நூற்று, நூற்ற நூலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெற்றுச் சென்றனர். அந்நூல் நெசவாளரிடம் சென்று கதராயிற்று. கிடைத்த கூலி சிறிதுதான். ஆயினும் அடுப்பெரியாத காலத்தில் அக்காசின் மதிப்பை வீட்டுப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். நோயுற்றோருக்கு ஆசிரமத்தில் மருந்தும் கிடைத்தது. மேடையில் நின்று பேசிய எந்தப் பேச்சையும் விட இவை விரைந்து வேலை செய்தன. சட்ட நுணுக்கம் பேசிய இராஜாஜி, இப்போது நூலின் நயத்தையும் நெசவின் தரத்தையும் பேசுபவரானார். நாள்தோறும் தாமும் நூற்றார்.

சிற்றூர்களை அரித்த மற்றொரு கேடு கள். உழைத்த கூலி அன்றே கள்ளுக்கடைக்குச் செல்வதை அவர் அருகிலிருந்து கண்டார். நகரத்தில் இருந்தபோது கொள்கையாக இருந்த மதுவிலக்கு, இங்கே அவருக்குக் கண்முன் நிற்கும் குடும்பங்களின் துயரமாயிற்று. மதுவிலக்கிற்கென்றே 1929இல் விமோசனம் என்னும் மாத இதழை ஆசிரமத்திலிருந்து தொடங்கினார். அதற்குத் துணையாக வந்தவர் இளம் எழுத்தாளர் கல்கி. எளிய மக்களுக்கு விளங்கும் கதைகளையும் படங்களையும் அவ்விதழ் தாங்கி வந்தது. தமிழ் உரைநடைக்குப் பின்னாளில் பெரும்புகழ் சேர்த்த இருவர் ஒரு வறண்ட சிற்றூரின் குடிசைகளில் அமர்ந்து இதழ் நடத்தினர் என்பதை இலக்கியம் பயில்வோர் மறத்தல் ஆகாது.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. இராஜாஜி தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்து சென்று, உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். விமோசனம் நின்றது. அதன் பிறகு சிறையும் நாட்டுப் பணியும் அவரைப் புதுப்பாளையத்தினின்று பல காலம் பிரித்தன. 1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். அவருடைய பதவிகளை வரிசைப்படுத்தும் நூல்கள் பல, ஆசிரம ஆண்டுகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. இது சரியன்று.

முதலமைச்சரான சில திங்களிலேயே இராஜாஜி மதுவிலக்கைச் சட்டமாக்கினார். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் அதனை நடைமுறைப்படுத்த இயலவில்லை. எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்குவது என்ற கேள்வி எழுந்தது. அவர் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டத்தை. திருச்செங்கோடும் புதுப்பாளையமும் அந்நாளில் அம்மாவட்டத்திலேயே இருந்தன. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அங்குள்ள கள்ளுக்கடைகள் மூடப்பெற்றன.