அரிசியில் ஆயுளைத் தேடியவர்

நோயிலிருந்து மீண்டவரின் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. பிழைத்து வந்து எதிரே நிற்பவரிடம் சான்று கேட்க யாருக்கு மனம் வரும்? ஆயினும் ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவாவின் வாழ்க்கையைப் படித்தபோது, கேட்டே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

1893-இல் ஒரு வறிய சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் யுகிகாசு சாகுராசாவா. தாயைக் காசநோய் கொண்டு போயிற்று. இளமையிலேயே அந்நோய் அவரையும் பற்றியது. அதற்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. ராணுவ மருத்துவர் சாகென் இஷிசூகா வகுத்த முறைப்படி, தீட்டாத அரிசியும் காய்கறியும் உண்டார், தேறினார். அன்றுமுதல் அந்த உணவே அவருக்கு வேதமாயிற்று. 1929-இல் பாரிஸ் சென்று கீழைநாட்டுத் தத்துவத்தைப் பரப்பினார். பின்னாளில் தம் முறைக்கு 'மேக்ரோபயாட்டிக்' என்று பெயரிட்டார். நெடுவாழ்வு என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல் அது.

உலகில் உள்ள அனைத்தும் 'யின்', 'யாங்' என்னும் இருவகைக்குள் அடங்கும். சர்க்கரை யின், இறைச்சி யாங். அரிசியே சமநிலை என்பது அவர் கொள்கை. இதில் உண்மை அறவே இல்லையா? உண்டு. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த ஜப்பானைப் பெரிபெரி நோய் வாட்டியது. ஆனால் அதைத் தடுக்கும் சத்தைத் தவிட்டிலிருந்து 1910-இல் பிரித்துக் காட்டிய உமெதாரோ சுசுகி, யின்-யாங்கைத் துணைக்கு அழைக்கவில்லை. சோதனைச் சாலையையே நம்பினார்.

ஓசாவாவோ உணவை எண்ணிட்ட படிகளாக வகுத்தார். உச்சப் படியான ஏழாம் எண்ணில் தானியம் மட்டுமே. நீரும் குறைவாகவே பருகவேண்டும். புற்றுநோயும் இதனால் தீரும் என்றார். தானியத்தில் வைட்டமின் சி ஏது? பி-12 ஏது? 1965-இல் அமெரிக்காவில் இந்த ஏழாம் எண்ணைக் கடைப்பிடித்த இளம்பெண் ஒருத்தி உடல் மெலிந்து மாண்டாள். 1971-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இவ்வுணவின் ஆபத்தைக் குறித்து எச்சரித்தது.

வேதியியல் மாணவனாகிய என்னை வியக்க வைத்தது மற்றொன்று. சோடியமும் ஆக்சிஜனும் இணைந்து பொட்டாசியம் ஆகும் என்றும், 1964-இல் அதைச் செய்து முடித்ததாகவும் அவர் அறிவித்தார். 11-உடன் 8-ஐக் கூட்டினால் 19, கணக்கு சரிதான்! ஆனால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுபவை. அவற்றை இணைக்கும் ஆற்றல் மேசைமீது வைத்த மின்குழாயில் பிறக்காது. கூட்டல் பொருந்துவதால் வினை நிகழ்ந்துவிடுமா?

1966-இல், தமது 72-ஆம் வயதில், டோக்கியோவில் அவர் காலமானார். அவர் பொய்யர் அல்லர் என்றே நான் கருதுகிறேன். தாம் நம்பியதையே பிறருக்கும் சொன்னார். ஆனால் மருந்தில்லாத நாளிலும் காசநோயாளர் சிலர் தாமாகவே தேறியதுண்டு. தம்மைத் தேற்றியது அரிசிதானா என்று அவர் ஒருமுறையேனும் ஐயுற்றிருக்கலாம். ஒருவர் பிழைத்தது அவருடைய நற்பேறு. அதைச் சோதித்துப் பாராமல் ஊருக்கெல்லாம் விதியாக்கினால், பலியாவது பிறர் உயிர். ஆராய்ந்து ஏற்பதே அறிவியல் பயிலும் நமக்கு அழகு.