அறிஞர் ஆலன் டியூரிங்

காவிரிப் படுகையின் கடற்கரையில் அமைந்தது காரைக்கால். ஆங்குத் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று விளங்குகிறது. அங்கும் உலகெங்கும் கணினியியல் பயில்வோர் போற்றும் பெரியார் ஆலன் டியூரிங் ஆவார்.

டியூரிங் 1912ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். எனினும் தமிழகத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு. அன்னையார் சாரா கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தந்தையார் ஜூலியசு சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால், டியூரிங் இங்கிலாந்தில் பிறர் பாதுகாப்பில் வளர்ந்தார்.

1936ஆம் ஆண்டில் அவர் ஓர் அரிய கட்டுரை வரைந்தார். படிப்படியாகச் செய்யத்தக்க கணக்குகள் அனைத்தையும், உரிய கட்டளைகளைத் தந்தால், ஒரே பொறி செய்யும் என்று காட்டினார். எப்பொறியாலும் தீர்க்கவொண்ணாத வினாக்கள் உள என்பதையும் மெய்ப்பித்தார். இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் மறைமொழியை விடுவிக்கும் பொறியை வகுத்து நாட்டிற்குப் பெருந்தொண்டு ஆற்றினார்.

பொறி ஏவியதைச் செய்யுமேயன்றிப் புதியதைத் தோற்றுவிக்காது என 1843ஆம் ஆண்டில் அடா லவ்லேசு என்னும் அம்மையார் எழுதியிருந்தார். டியூரிங் 1950ஆம் ஆண்டில் இக்கருத்தை ஆராய்ந்து மறுத்தார். தாம் இயக்கிய பொறிகளே தம்மைப் பன்முறை வியப்பில் ஆழ்த்தியதை எடுத்துரைத்தார். குழந்தைக்குப் புகட்டுவது போலப் பொறிக்கும் கல்வி புகட்டலாம் என்றும், அதன் ஆற்றலைத் தேர்வினால் அறியலாம் என்றும் கருதினார்.

தன்பால் விருப்பத்தைக் குற்றமெனக் கொண்ட அக்காலச் சட்டம் 1952ஆம் ஆண்டில் அவரைத் தண்டித்தது. 1954ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் அவர் மறைந்தார். நாட்டைக் காத்தவருக்கு மன்னிப்பு வழங்கப்பெற்றது 2013ஆம் ஆண்டில்தான்.

அவர் எழுப்பிய வினா இன்றும் வாழ்கிறது. எண்ணற்ற நூல்களைப் பயின்ற மொழி மாதிரிகள் இந்நாளில் மென்பொருளும் எழுதுகின்றன. 2023ஆம் ஆண்டில் ஆய்வாளர் உண்மையான மென்பொருள்களில் எழுந்த 2,294 சிக்கல்களைத் தொகுத்து அவற்றைச் சோதித்தனர். அப்போது சிறந்த மாதிரியும் நூற்றுக்கு இரண்டைக்கூட முழுமையாகத் தீர்க்கவில்லை. பின்னர் வந்தவை, அத்தொகுப்பினின்று தெரிந்தெடுத்த 500 சிக்கல்களில் பாதிக்கு மேல் தீர்த்தன. ஆயினும் அவை மனிதர் முன்னரே தீர்த்தவை.

புதியதும் ஒன்று நிகழ்ந்தது. நான்குக்கு நான்கு சிக்கலெண் அணிகளைப் பெருக்க, 1969ஆம் ஆண்டின் முறைப்படி 49 பெருக்கல்கள் வேண்டும். மொழி மாதிரியால் இயங்கும் ஆல்ஃபாஎவால்வ் 2025ஆம் ஆண்டில் 48 பெருக்கல்களில் முடிக்கும் வழியைக் கண்டது. ஆனால், வினாவைத் தொடுத்தவரும், விடையைச் சோதிக்கும் அளவுகோலை வகுத்தவரும் மனிதரே.

பொறியால் இயலாது என்று இகழ்வதும், எல்லாம் இயலும் என்று மயங்குவதும் அறிவுடைமை ஆகா. சோதித்துத் தெளிவதே அறிவுடைமை. டியூரிங்கின் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே.