கண் வைத்தியங் கற்கச் சென்ற ஹோஸே ரிஸால்

பிலிப்பைன் தீவினர் தம் நாட்டுப் பெருமகனாகப் போற்றும் ஹோஸே ரிஸால் என்பார் பெயரை நம் அன்பர்கள் ஒருவாறு கேள்வியுற்றிருப்பர். ஸ்பானிய ஆட்சியின் கொடுமையைக் கதைநூல் வாயிலாக வெளிப்படுத்தியதும், பின்னர்க் கலகக் குற்றஞ் சாட்டப்பெற்று 1896-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் நாள் மணிலா நகரில் சுடப்பட்டிறந்ததும் பலரும் அறிந்தனவே. ஆயின், ஜெர்மனி தேயத்து ஹைடல்பர்க் நகரில் அவர் மாணவராய்க் கழித்த ஆறு மாதங்களை எடுத்துப் பேசுவார் சிலரே. மக்களைக் கடல் கடந்து கற்க விடுத்தல் தகுமோ, விடுத்தால் ஆங்கு அவர்கள் யாது செய்து மீள்வர் என்னும் ஆராய்ச்சி நம் இல்லங்களில் ஓயாது நிகழ்தலின், அப்பகுதியையே ஈண்டுச் சிறிது விரித்தெழுதப் புகுந்தேன்.

ரிஸால் 1861-ஆம் வருஷம் ஜூன் 19-ஆம் நாள் கலம்பா என்னும் ஊரில், மக்கள் பதினொருவருள் ஏழாமவராய்ப் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ்கோ மெர்க்காதோ, குத்தகை நிலத்திற் கரும்பு பயிரிட்டு வாழ்ந்தவர். தாயார் தெயதோரா அலோன்ஸோ நன்கு கற்றவர். மகனுக்கு எழுத்தறிவித்த முதலாசிரியரும் அவரே. இவ்வம்மையார் மீது, உறவினள் ஒருத்திக்கு நஞ்சூட்ட முயன்றாரென்று பொய்வழக்கொன்று எழுந்தது. ஸாந்தா குரூஸ் என்னும் ஊர்வரையில் அவரை நடத்தியே கொண்டுபோய், இரண்டரை யாண்டு சிறையில் வைத்தனர். அக்காலத்து ரிஸாலுக்கு வயது பத்து இருக்கும். மீண்டு வந்த தாயாரின் கண்களிற் சில ஆண்டுகளிற் புரை படரத் தொடங்கியது. மணிலாவிற் பயின்றுகொண்டிருந்த மகன் அதனை யறிந்து, 1878-ஆம் வருஷத்தில் வைத்தியக் கல்வியை மேற்கொண்டார்.

அவருக்குப் பசியானோ என்றொரு தமையனார் உளர். 1872-இல் மூன்று குருமார் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டபொழுது, அவருள் ஒருவரோடு நெருங்கிப் பழகியவர் என்பதுபற்றித் தம் படிப்பை நிறுத்திக்கொண்டு கழனிக்குத் திரும்பியவர். தாம் இழந்த கல்வியைத் தம்பியேனும் பெறல் வேண்டுமென்று கருதிப் பொருள் சேர்த்தளித்தவர் அவரே. 1882-ஆம் வருஷம் மே மாதம் 3-ஆம் நாள் ரிஸால் கப்பலேறியது பெற்றோருக்கும் தெரியாது. தமையனாரும் சிற்றப்பன் முறையார் ஒருவரும் வேறு சிலருமே அறிந்திருந்தனர். சிங்கப்பூர், காலி, கொழும்பு, ஏடன் முதலிய துறைகளைக் கடந்து அவர் ஸ்பெயின் அடைந்தார். மேனாட்டுக் கல்வி பெற்று வந்தாரைப் புகழ்கின்ற நாம், ஊரிலிருந்து உழுது பணம் விடுத்தாரை ஏனோ மறந்துவிடுகின்றோம்.

மாட்ரிட் நகரத்து ஸர்வகலாசாலையில் 1884-இல் வைத்தியப் பட்டமும், மறு ஆண்டில் தத்துவ இலக்கியப் பட்டமும் பெற்றார். பெரும்பாலார் இவ்வளவில் மனநிறைவெய்தி ஊர் திரும்புவர். ரிஸாலோ கண் வைத்தியத்தைத் தனியே கற்றல் வேண்டுமென்று பாரிஸ் சென்று, தெ வெக்கர் என்னும் புகழ்பெற்ற கண் வைத்தியரிடம் சில மாதம் துணைவராயிருந்து, கத்தி பிடிக்குந் திறத்தைக் கண்டறிந்தார். அதன் பின்னரே ஜெர்மனி நோக்கினார்.

1886-ஆம் வருஷம் பெப்ருவரி 3-ஆம் நாள் ஹைடல்பர்க் வந்து சேர்ந்தபொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. நெக்கர் ஆற்றின் கரையில், இடிந்த பழங்கோட்டை யொன்று மலைமேல் நின்று நோக்க, அதன் அடியிற் கிடக்கும் சிறு நகரம் அது. அங்குள்ள ஸர்வகலாசாலை 1386-இல் நிறுவப்பட்டது. கண்ணின் உள்ளே ஒளி செலுத்திப் பார்க்குங் கருவியை 1851-இல் ஆக்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர் முன்னர் அங்குப் பதின்மூன்றாண்டு கற்பித்திருந்தார். அதற்கு முன் உயிருள்ளான் ஒருவனது கண்ணின் உட்புறத்தைத் தெளிவுறக் கண்டார் இலர் என்றால், அக்கருவியின் அருமை விளங்கும்.

ரிஸால் அங்கு ஆத்தோ பெக்கர் என்பார் தலைமையிலிருந்த கண் மருத்துவசாலையிற் பயின்றார். விழியின் உட்படலத்துச் செந்நிறப் பொருள் ஒளிபட்டு வெளிறும் இயல்பை ஆராய்ந்த கியூனே என்பாரின் விரிவுரைகளையுங் கேட்டார். ஓய்ந்த வேளையிற் சதுரங்கக் கழகத்து மாணவரோடு ஆடினார். அந்நாட்டு மாணவர் வாளேந்தி முகத்தில் வடுப்பட மோதிக்கொள்ளும் வழக்கத்தையும் சென்று கண்டார். வடுவைப் பெருமையாகக் கருதும் அவ்வழக்கம் நமக்கு வியப்பாகவே யுள்ளது.

இளவேனிலில் ஆற்றங்கரை மலர்களைக் கண்டு தம் ஊர் நினைவு மேலிட, ஏப்ரல் மாதத்திற் செய்யுளொன்று இயற்றினார். கடல் கடந்தான் ஒருவனுக்குப் பகற்பொழுது கல்வியிற் கழியினும் மாலைப்பொழுது ஊரை நோக்கியே செல்லும் போலும்.

பின்னர் நகரை யடுத்த வில்ஹெல்ம்ஸ்பெல்ட் என்னும் மலையூரில் கார்ல் உல்மர் என்னும் பாதிரியார் இல்லத்திற் சில மாதம் தங்கினார். அவர் புரொட்டஸ்டாண்டு சமயத்தார். ரிஸாலோ கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர். சமயம் வேறாயினும் அவ்வில்லத்தார் அவரைத் தம்மவராகவே நடத்தினர். ஜெர்மன் மொழி நாவிற் படிந்தது அங்கே. மாட்ரிட்டில் தொடங்கிய 'நோலி மே தாங்ஹரே' என்னும் கதைநூலின் இறுதி அதிகாரங்கள் எழுதப்பட்டதும் அங்கேதான். கண் வைத்தியங் கற்க வந்தவர் கதை எழுதினாரே என்று பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆனால் வந்த கருமத்தை அவர் விட்டாரல்லர் என்பது கருதத்தக்கது.

ஜூலை 31-ஆம் நாள், தகாலக் மொழியை ஆராய்ந்துவந்த புளூமெந்திரிட் என்னும் ஆஸ்திரிய அறிஞருக்குக் கடிதம் விடுத்தார். அன்று தொடங்கிய நட்பு ரிஸாலின் இறுதி நாள்வரை நீடித்தது. ஆகஸ்டில் ஸர்வகலாசாலையின் ஐந்நூற்றாண்டு விழாவைக் கண்டு களித்துச் சின்னாளில் அந்நகரை விட்டகன்றார்.

பெர்லின் நகரத்துக் குளிர்காலம் அவரை மிக வருத்திற்று. ஊரிற் பயிர் கெட்டுப் பணம் வரத் தாழ்த்தமையின் அரைவயிறுண்டு, நூலைத் தீயிலிடவும் நினைத்தாராம். நண்பர் மாக்ஸிமோ வியோலா முந்நூறு பெஸோ கடனளிக்க, 1887 மார்ச்சில் 2,000 படிகள் அச்சேறின.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஊர் மீண்டு கலம்பாவில் மருத்துவசாலை திறந்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவரென்பதால் ஊரார் அவரைத் 'தொக்தோர் உலிமான்' என்றழைத்தனர். ஏழைகளிடம் பொருள் வாங்காமலும் வைத்தியம் பார்த்தார். ஆயின் நூல் விளைத்த பகைமையால் ஆறு மாதத்தில் மீண்டும் நாடு விட்டகல நேர்ந்தது. தாயாரின் கண்ணுக்குச் சஸ்திரம் செய்யும் பேறு ஹாங்காங் நகரில் வாய்த்தது. அப்பொழுது அம்மையார் மீளவும் படிக்கத்தக்க பார்வை பெற்றார். 1892-இல் ரிஸாலை அரசாங்கத்தார் தப்பித்தான் என்னும் கடற்கரையூருக்கு நாடு கடத்திய பின்னர், அங்கே மற்றைக் கண்ணுக்கும் சஸ்திரம் செய்தார். அம்மையாரோ மகன் சொற்கேளாது கட்டை அவிழ்த்துவிடப் புண் சீழ்க்கொண்டது. பெரும் வைத்தியராயினும் பெற்ற தாயிடம் சொல் செல்லாது போலும்! பின்னர் அதுவும் ஆறிற்று. தப்பித்தானில் இருந்த நான்காண்டும், அவரிடம் கண் காட்ட அயலூர்களிலிருந்தும் நோயாளர் கடல்வழி வந்தனர்.

மகன் சுடப்பட்ட பின்னர் அத்தாயார் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்து, 1911-இல் காலமானார்.