பேயைச் சோதித்த வாத்தியார்

பேய் என்றால் நாமெல்லாம் ஓடுவோம். பேய் இருக்கிறதென்று கேள்விப்பட்டால் அங்கேயே தேடிப்போன ஒரு வாத்தியார் இருந்தார். அவர்தான் டாக்டர் ஆபிரகாம் கோவூர்.

1898 ஏப்ரல் 10-இல் கேரளத்துத் திருவல்லாவில், பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் படித்தபோது, ஊரார் கங்கை நீர் கேட்டார்கள். வழியில் பிடித்த குழாய்த் தண்ணீரைக் கொடுத்துவிட்டாராம்! அடுத்த விடுமுறைக்கு வந்தால், அந்தத் தண்ணீரால் நோய் தீர்ந்ததென்று சொன்னார்களாம்.

பின்னர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியரானார். வேதபாடமும் நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் தேர்ச்சி பெற்றார்கள். ஆனாலும் மறுவருடம் அந்தப் பாடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகிவிட்டார்களே!

1959-இல் ஓய்வு பெற்றபின் முழுமூச்சாக இறங்கினார். வீட்டின்மேல் கல் விழுகிறது, துணி தானே எரிகிறது என்று அழைப்பு வரும். கோவூர் போவார். மந்திரம் இல்லை, உடுக்கை இல்லை. கல் விழுந்தபோது யார் எங்கே நின்றார்கள் என்று வீட்டார் ஒவ்வொருவரையும் தனியே விசாரிப்பார். பல வீடுகளில் கல் எறிந்த கை உள்ளேயே இருந்தது. அது மனம் நொந்த ஒருவரின் கை. அவரை அடிக்காமல், அறிதுயில் முறையில் சிகிச்சை செய்தார். அவருடைய குறிப்பேட்டிலிருந்த ஒரு நிகழ்ச்சிதான் 1973-இல் 'மறுபிறவி' என்ற தமிழ்ப் படமாயிற்று.

இன்னொன்று கேளுங்கள். ஜப்பானில் பெட்டகத்தில் பூட்டியிருந்த கைக்கடிகாரம் இந்தியாவில் ஒரு சாமியார் கையில் தோன்றியது, கம்பெனி முதலாளியே சாட்சி என்று கதை பரவியது. கோவூர் சும்மா விடுவாரா? அந்த முதலாளிக்கே கடிதம் போட்டார். அப்படியொருவரைத் தமக்கோ தம் ஊழியருக்கோ தெரியாது என்று 1973-இல் பதில் வந்தது. ஒரு தபால்தலையில் முடிந்த காரியம்!

ஏமாற்றில்லாமல் அற்புதம் காட்டுவோருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். உறையில் மூடிய பணநோட்டின் எண்ணைச் சொன்னாலே போதும். 1978 செப்டம்பர் 18-இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் பெறவில்லை. கண்களையும் உடலையும் தானமாக எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இது நமக்கெதற்கு என்கிறீர்களா? தெம்பனிஸ் மாடியில் நின்று பாருங்கள். பக்கத்திலேயே சாங்கி விமான நிலையம். நம்மை நோக்கி நேரே வரும் விமானத்தின் விளக்கு, வெகுநேரம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். உடனே பறக்கும் தட்டு என்று கைபேசியில் படம் ஓடும். எந்தத் திசை, எத்தனை மணி, வேறு யார் பார்த்தார், எதாவது விழுந்ததா, விழுந்த பொருள் எங்கே என்று கேளுங்கள். பார்த்தவரைக் கேலி செய்ய வேண்டாம்; பொருளைக் காட்டச் சொன்னால் போதும்.

வியர்வை சிந்திச் சம்பாதித்த காசைத் தாயத்துக்காரனிடம் நீட்டுமுன்னும் இதையே கேளுங்கள். பிள்ளைகளே, வகுப்பிலும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால்தான் அறிவு வளரும்!