மத்தேயு போல்ட்டன்

நீராவி யந்திரத்தைப் பற்றிக் கேட்டால் நம்முள் எவரும் தயங்காது ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சொல்லுவர். கொதிக்கும் கெண்டியின் மூடி எழும்பித் தாழ்வதைச் சிறுவன் வாட் உற்றுப் பார்த்தான் என்னும் கதையும் உடன் வரும். அது கதையே. வாட் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நியூகோமன் என்பார் அமைத்த நீராவி யந்திரம் இங்கிலாந்தின் சுரங்கங்களிலே நீர் இறைத்துக் கொண்டிருந்தது. வாட் அதனைத் திருத்தினார். மிகப் பெரிய திருத்தமே. ஆயினும் அத்திருத்தம் ஒரு கொட்டகையிற் கிடந்து துருவேறிப் போகாமல் உலகிற்குப் பயன்பட்டதற்குக் காரணமாயிருந்தவர் வேறொருவர். அவர் பொத்தான் வியாபாரி. அவர் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மத்தேயு போல்ட்டன் 1728-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி பர்மிங்காம் நகரிலே பிறந்தார். பொத்தான், பாதரட்சைக் கொக்கி முதலிய சிறு உலோகப் பொருள்கள் செய்வதே அவர் தந்தையாரின் தொழில். மைந்தரும் வயது வந்ததும் அத்தொழிலிற் பங்காளியானார். 1749-ல் மேரி ராபின்சன் என்னும் செல்வக் குடும்பத்து மாதை மணந்தார். அவ்வம்மையார் 1759-ல் இறந்துபோகவே, அடுத்த ஆண்டு அவர் தங்கை ஆன் என்பாரை மணந்தார். நம் நாட்டில் இதனை ஒருவரும் வியந்து பேசார்; இங்கிலாந்துத் திருச்சபையோ அத்தகைய மணத்தை விலக்கியிருந்தது. உறவினர் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது மணம் முடிந்தது. இரு மனைவியர் வழியும் நிலமும் பொருளும் வந்தன. அப்பொருள் பின்னர் எங்கே போயிற்று என்பதைப் பார்ப்போம்.

நகருக்கு வடக்கே இரண்டு மைல் தொலைவில் சோஹோ என்னும் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஃபாதர்கில் என்பாரைக் கூட்டாளியாகக் கொண்டு, ஒரு பெருந்தொழிற்சாலை எழுப்பினார். அது 1766-ல் முற்றுப்பெற்றது. முகப்பு ஓர் அரண்மனையை ஒத்திருந்தது. பற்பல சிறு பட்டறைகளிலே சிதறிக் கிடந்த வேலைகள் ஒரே கூரையின் கீழ் வந்தன. தொழிலாளர் தம் கூலியில் ஒரு சிறு பகுதியைச் செலுத்தி, நோய் வந்த காலத்தில் உதவி பெறும் நிதியொன்றும் அங்கே நிறுவப்பெற்றது. வெள்ளிப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கியபோது, அவற்றின் தரத்திற்கு முத்திரையிட பர்மிங்காமில் இடமில்லை. செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பண்டங்கள் வழியிலே நசுங்கின, காலமும் வீணாயிற்று. போல்ட்டன் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் செய்து, லண்டன் பொற்கொல்லரின் எதிர்ப்பையும் கடந்து, 1773-ல் தம் நகருக்கே ஒரு முத்திரைச்சாலை பெற்றுவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோஹோவின் புகழ் ஓங்கிற்றேயன்றி இலாபம் ஓங்கவில்லை. ஃபாதர்கில்லுடன் நடத்திய வியாபாரம் நெடுங்காலம் நட்டத்திலேயே ஓடிற்று.

சோஹோவில் ஒரு குறை இருந்தது. உருளைகளைச் சுழற்றும் நீர்ச்சக்கரத்திற்கு ஓடை நீரே ஆதாரம். கோடையில் ஓடை வற்றும்; அப்போது குதிரைகளைப் பூட்ட வேண்டும். சக்கரத்தினின்று விழுந்த நீரையே மீண்டும் மேலேற்றுவதற்கு ஒரு நீராவி யந்திரம் கிடைத்தால் நலமென்று போல்ட்டன் எண்ணினார். இவ்வெண்ணத்தோடு அவர் இருந்த காலத்திலேதான் வாட் அவரைச் சந்தித்தார்.

வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குக் கருவிகள் செய்து கொடுத்தவர். பழைய யந்திரத்தில் ஒவ்வொரு வீச்சிற்கும் உருளையைச் சூடாக்குவதும் குளிர்விப்பதுமாக நிலக்கரி பாழாவதை அவர் கண்டார். நீராவியைத் தனியே வேறொரு கலத்திற் குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்னும் உண்மை 1765-ல் அவருக்குப் புலனாயிற்று. 1769-ல் பேட்டண்டு உரிமையும் பெற்றார். அவ்வுரிமையில் மூன்றில் இருபங்கு, செலவுக்குப் பணம் உதவிய டாக்டர் ரோபக் என்பாருக்கு உரியது. ரோபக் மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் யந்திரம் செய்து விற்கும் உரிமையைப் போல்ட்டனுக்குத் தர முன்வந்தார். போல்ட்டன் மறுத்துவிட்டார். மூன்று மாவட்டங்களுக்காகச் செய்வது தம் உழைப்பிற்குத் தகாதென்றும், உலகமனைத்திற்கும் செய்வதாயின் அது தகுமென்றும் அவர் கருதினார். ஒரு யந்திரமேனும் செவ்வையாக ஓடாத காலத்தில் எழுந்த எண்ணம் இது.

1773-ல் ரோபக் கடனில் மூழ்கினார். அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் போல்ட்டனும் ஒருவர். வரவேண்டியது 1200 பவுன். ஏனைய கடன்காரர் அந்தப் பேட்டண்டை ஒரு காசுக்கும் மதிக்கவில்லை. போல்ட்டன் தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக ரோபக்கின் பங்கைப் பெற்றுக்கொண்டார். மறு ஆண்டில் வாட் பர்மிங்காமிற்கே குடிவந்தார். உரிமைக் காலத்தில் ஆண்டுகள் பல கழிந்துவிட்டமையால், முதலிட்ட பொருள் திரும்புமுன் உரிமை முடிந்துவிடும் என்று போல்ட்டன் கணக்கிட்டார். பாராளுமன்றத்தை அணுகி, 1775-ல் ஒரு தனிச்சட்டத்தால் அதனை 1800 வரை நீட்டிக்கச் செய்தார். அதன் பின்னரே பெருஞ்செலவிற் கை வைத்தார். உருளை செம்மையாக அமையாதது நெடுநாள் இடராயிருந்தது. பீரங்கி குடைவதற்கென்று ஜான் வில்கின்சன் என்பார் 1774-ல் இயற்றிய பொறி அதனைத் தீர்த்தது. 50 அங்குல அகலமுள்ள உருளையிலும் ஒரு பழைய ஷில்லிங்கின் கனத்திற்கு மேற்பட்ட பிழை இல்லையாயிற்று. 1776-ல் முதல் யந்திரங்கள் ஓடத் தொடங்கின.

இனி, விற்கும் முறையைக் காண்போம். என் கருத்தில் போல்ட்டனின் கூரிய அறிவு விளங்குவது இங்கேதான். பெரிய பகுதிகளைச் சுரங்க முதலாளியே தம் செலவில் வாங்கிக்கொள்வார். போல்ட்டனும் வாட்டும் வரைபடங்களும், அடைப்பிதழ் முதலிய நுண்ணிய பகுதிகளும், அமைத்துத் தரும் ஆட்களும் கொடுப்பர். பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒருபங்கு ஆண்டுதோறும் அவர்களுக்குச் சேரும். மிச்சமில்லையேல் கொடுக்க வேண்டுவதில்லை. யந்திரத்தின் வீச்சுக்களை எண்ணும் ஒரு கருவி, பூட்டிய பெட்டிக்குள் இருந்து கணக்கு வைத்தது. கார்ன்வால் நாட்டிலே செம்பும் வெள்ளீயமும் உண்டு; நிலக்கரி இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே அந்நாட்டாரே முதன்மையாக இந்த யந்திரத்தை நாடினர்.

யந்திரங்கள் பெருகின, கடனும் உடன் பெருகிற்று! வருவாய் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வரும்; செலவோ இன்றே வேண்டும். தந்தையார் விட்டுச்சென்ற நிலம், மனைவி வழி வந்த நிலம் ஆகியவற்றை விற்றும் ஈடு வைத்தும் போல்ட்டன் தொழிலைத் தாங்கினார். வரப்போகும் யந்திர வருவாயையே அடகு வைத்துக் கடன் வாங்கிய காலமும் உண்டு. வாட் இயல்பாகவே மனச்சோர்வு மிக்கவர்; தலைவலியால் ஓயாது வருந்துபவர்; பேரம் பேசுவதை வெறுப்பவர். அவரைத் தேற்றுவதும் போல்ட்டனின் வேலையாயிற்று. நீர் இறைப்பதோடு நில்லாமல் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றும் யந்திரம் வேண்டுமென்று வாட்டை இடைவிடாது தூண்டியவரும் போல்ட்டனே. 1781-ல் அதற்கும் வழி பிறந்தது. அதனை உலகறியச் செய்ய லண்டனில் எழுப்பிய ஆல்பியன் மாவாலை 1786-ல் வேலை தொடங்கி, 1791-ல் எரிந்து சாம்பலாயிற்று. பொருள் போயினும் பெயர் பரவிவிட்டது.

ஆட்களைத் தெரிந்தெடுப்பதிலும் அவர் வல்லவர். வில்லியம் மர்டாக் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் 1777-ல் வேலை தேடி வந்தார். அவர் கையிலிருந்த தொப்பி துணியாலன்றி மரத்தாற் கடைந்ததென்றும், நீள்வட்டமாகக் கடைந்த திறமையைக் கண்டே போல்ட்டன் அவரை அமர்த்தினாரென்றும் சொல்லுவர். கார்ன்வாலில் நிறுவனத்தின் வலக்கையாய் விளங்கியவர் அம்மர்டாக்.

குறையும் கூறவேண்டும். கரி மிச்சத்தால் முன்பு மகிழ்ந்த சுரங்க முதலாளிகள், ஆண்டுதோறும் பணம் கொடுக்க நேர்ந்ததும் முணுமுணுத்தனர், சிலர் மறுத்தனர். வழக்குகள் 1799 வரை நீண்டன. சட்டம் போல்ட்டன் பக்கம் நின்றது. எனினும் ஹார்ன்புளோயர் போன்றார் செய்த வேறு நல்ல திருத்தங்களும் இந்த உரிமையினால் முடங்கின என்பதை மறுக்க இயலாது. அன்றியும் அடிமைகள் உழைத்த மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களுக்கும் சோஹோ யந்திரங்கள் சென்றன. பணம் கொடுத்தவரின் கையை அவ்விடத்தில் போல்ட்டன் உற்று நோக்கவில்லை.

அறுபதாம் வயதை அணுகியபோது அவர் வேறொன்றில் இறங்கினார். அந்நாளில் இங்கிலாந்தில் வழங்கிய செப்புக் காசுகளிற் பெரும்பகுதி கள்ள நாணயம். அவற்றை அடிப்பதில் பர்மிங்காமே பேர்போனது. நீராவியால் இயங்கும் அச்சுப்பொறிகளைக் கொண்டு 1788-ல் சோஹோவில் ஓர் அக்கசாலை நிறுவினார். காசுகள் யாவும் ஒரே வட்டமும் ஒரே கனமுமாக அமைந்தால் கள்ளர் போலி செய்தல் அரிதென்பது அவர் துணிபு. அரசாங்கமோ ஒன்பது ஆண்டு காக்க வைத்து, 1797-லேதான் வேலை கொடுத்தது. அவ்வாண்டின் பென்னி சரியாக ஓர் அவுன்ஸ் செம்பு. இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ்.

1800-ல் உரிமைக் காலம் முடிந்தது. அதற்குள் 400-க்கு மேற்பட்ட யந்திரங்கள் அமைந்திருந்தன. வாட் ஓய்வு பெற்றார். மைந்தர்கள் தொழிலை ஏற்றனர். போல்ட்டன் மட்டும் அக்கசாலையை விடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை இராஜதானிக்கென்று கேட்ட 20 காசு, 10 காசு நாணயங்கள் சோஹோவிலே அடிக்கப்பெற்றன. ஆங்கிலேயர் கணக்கில் எழுதிய அக்காசு நம் தமிழ்க் காசே. 1808-ம் ஆண்டு பொறித்த அந்நாணயங்களை நிரம்ப ஏற்றிக்கொண்டு சென்னையை நோக்கிப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கப்பாலுள்ள குட்வின் மணல்மேடுகளில் மோதி அமிழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 17-ந் தேதி போல்ட்டன் தமது எண்பதாம் வயதிற் காலமானார். ஹேண்ட்ஸ்வொர்த் மரியாள் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்; பின்னர் வாட்டும் மர்டாக்கும் அவ்வாலயத்திலேயே அடக்கம் பெற்றனர். கடலில் வீழ்ந்த காசுகளை 1980-க்குப் பின்னர் மூழ்குவோர் எடுத்தனர். 175 ஆண்டு உப்புநீரிற் கிடந்தும் அவற்றுட் பலவற்றில் கம்பெனியின் முத்திரையும் மறுபுறத்துப் பாரசீக எழுத்தும் தெளிவாய்த் தெரிந்தன.