குடலுக்குள் ஒரு பிரஷர் கேஜ்: சுவாமி குவலயானந்தாவின் கதை

ஜூன் 21 வந்தா போதும், கவரைப்பேட்டையிலிருந்து காக்களூர் வரைக்கும் நம்ம பக்கத்து காலேஜ் கிரவுண்டுகள்ல பாய் விரிச்சிடுவாங்க. மைக் பிடிச்சவர் மூச்சை நல்லா இழுக்கச் சொல்வார். மூளைக்கு ஆக்ஸிஜன் அதிகமாகப் போகும், ஞாபகசக்தி கூடும், அரியர் எல்லாம் பறந்துடும் என்பார். உண்மையிலேயே அதிகமாகப் போகுதா, யாராவது அளந்து பார்த்தாங்களா என்று நாம கேட்டா, ஏதோ யோகாவுக்கு எதிரி மாதிரி பார்ப்பாங்க.

ஆனா கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியைக் கேட்டவர் ஒரு யோகி. கேட்டதோட நிற்காமல் கருவியை வாங்கி வச்சு அளந்தவர். அவர்தான் சுவாமி குவலயானந்தா.

இயற்பெயர் ஜெகந்நாத் கணேஷ் குணே. 1883 ஆகஸ்ட் 30-ம் தேதி குஜராத்தில் உள்ள தபோயில் ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்தார். வசதி இல்லாத வீடு. படிப்புக்கே அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை. 1903-ல் மெட்ரிகுலேஷன் முடித்தபோது சமஸ்கிருதத்துக்கான உதவித்தொகை கிடைத்து, பரோடா கல்லூரியில் சேர்ந்தார். அப்போது பரோடாவில் அரவிந்தர் ஆசிரியராக இருந்த காலம். தேசபக்தி காற்றிலேயே கலந்திருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லை, நாட்டுக்கு உழைப்பது என்று அந்த வயசிலேயே முடிவு எடுத்துவிட்டார்.

பலர் நினைப்பது போல இவர் நேராக யோகாவுக்கு வரவில்லை. முதலில் போனது உடற்பயிற்சிக் கூடத்துக்கு. 1907 முதல் 1910 வரை பரோடாவில் மாணிக்ராவ் என்பவரிடம் மல்யுத்தம், லாத்தி என்று நம் நாட்டு உடற்பயிற்சி முறைகளைக் கற்றார். அடிமைப்பட்ட நாட்டுக்கு முதலில் வலுவான உடம்பு வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் நிறைய பேருக்கு இருந்தது. அப்புறம் அமல்னேர் ஊரில் ஆசிரியர் வேலை, தேசியக் கல்லூரி ஒன்றுக்கு முதல்வர் பதவி. மாணவர்களிடம் தேசிய உணர்வு ரொம்ப அதிகம் என்று 1923-ல் ஆங்கில அரசு அந்தக் கல்லூரியையே மூடிவிட்டது.

அதற்கு முன்பே, 1919-ல், நர்மதைக் கரையில் மால்சர் என்ற ஊரில் பரமஹம்ச மாதவதாஸ் என்ற வங்காள யோகியைச் சந்தித்திருந்தார். அவரிடம்தான் யோகம் கற்றார். வேறு ஒருவராக இருந்தால் குரு சொன்னதை அப்படியே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். இவருக்கு ஒரு அரிப்பு இருந்தது. இந்தப் பயிற்சியின்போது உடம்புக்குள்ளே என்னதான் நடக்குது?

இனி வருவது நம்ம மெக்கானிக்கல் ஆளுங்களுக்குப் பிடிக்கும்.

பழைய ஹடயோகிகள் பஸ்தி என்று ஒரு பயிற்சி செய்வார்கள். தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, பின்பக்கமாகக் குடலுக்குள் தண்ணீரை ஏற்றிச் சுத்தம் செய்வது. பம்பு கிடையாது, தண்ணீரைத் தள்ள ஆளும் கிடையாது. அப்போ தண்ணீர் எப்படி மேலே ஏறுது? குடல் எதிர்த்திசையில் அசைந்து இழுத்துக்கொள்கிறது என்று ஒரு விளக்கம் இருந்தது. குவலயானந்தா வேறு மாதிரி யோசித்தார். உள்ளே அழுத்தம் குறைந்தால், வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடுமே!

அழுத்தம் எப்படிக் குறையும்? மூச்சை முழுசா வெளியே விட்டுட்டு, காற்று உள்ளே வராம அடைச்சுக்கிட்டு, விலா எலும்புகளை மட்டும் விரிச்சுப் பாருங்க. உதரவிதானம் மேலே ஏறும், வயிறு முதுகோட போய் ஒட்டும். இது உட்டியானம். அதே நிலையில் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளை மட்டும் இறுக்கித் தூண் மாதிரி முன்னே தள்ளினால் அது நௌலி. உள்ளே கொள்ளளவு கூடுது, அழுத்தம் குறையுது. பாயில் விதியை இதுக்கு மேல விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

1920, 21-ல் பரோடா மருத்துவமனையில், சில மாணவர்களின் உதவியோடு இதைச் சோதித்தார். பயிற்சி செய்பவரை எக்ஸ்ரே எடுத்துக் குடல் எங்கே நகருது என்று பார்த்தார்கள். பிறகு குடலை மானோமீட்டரோடு இணைத்து அழுத்தத்தை அளந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்பிளான்ட் டிரெயினிங் போனவங்களுக்குத் தெரியும், எந்தக் குழாயைப் பார்த்தாலும் ஒரு கேஜ் இருக்கும். அந்தக் கேஜ் வேலையைத்தான் அவர் மனுஷ வயிற்றில் செய்தார். நௌலியின்போது குடலுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே போவது முள்ளங்கி பத்தை மாதிரி தெரிந்தது. அந்தக் குறை அழுத்தத்துக்குத் தன் குருவின் பெயரையே வைத்து மாதவதாஸ் வெற்றிடம் என்று அழைத்தார்.

1924-ல் மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில் இருக்கும் லோனாவாலாவில் கைவல்யதாமா என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதே வருஷம் யோக மீமாம்ஸா என்ற பத்திரிகையும் ஆரம்பம். அதில் எக்ஸ்ரே படங்கள், அளவீட்டு அட்டவணைகள் ஒரு பகுதி. ஆசனம் செய்யும் முறை இன்னொரு பகுதி. தலைகீழாக நிற்கும்போது ரத்த அழுத்தம் என்ன ஆகுது என்பதைக்கூட அளந்து போட்டார்கள். 1927-ல் உடம்பு சரியில்லாமல் இருந்த காந்தி, இவருக்கு எழுதி ஆலோசனை கேட்டார்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பிராணாயாமம் செய்தால் ஆக்ஸிஜன் நிறைய கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்றைக்கும் இருந்தது. குவலயானந்தா மூச்சுக் காற்றைச் சேகரித்துப் பகுத்துப் பார்க்கும் சோதனைகளை நடத்தினார். பிராணாயாமத்தின் பயன் ஆக்ஸிஜனில் இல்லை, அது நரம்பு மண்டலத்தைப் பழக்கும் பயிற்சி என்ற நிலைக்குத்தான் வந்து சேர்ந்தார். ஒரு யோகா நிலையத்தை நடத்துகிறவர் இதைச் சொல்வது சாதாரணமில்லை. விளம்பரத்துக்கு ஆக்ஸிஜன்தானே நல்லா விலைபோகும்!

இதில் இன்றைய உடலியல் அவர் பக்கம்தான். சாதாரணமாக மூச்சுவிடும்போதே நம்ம ரத்தத்தின் ஹீமோகுளோபின் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனால் நிரம்பித்தான் இருக்கு. கொரோனா காலத்தில் விரலில் மாட்டின கருவி நினைவிருக்கா? அது காட்டுறது அதைத்தான். நிரம்பின குடத்தில் இன்னும் எவ்வளவு ஊத்த முடியும்? வேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கபாலபாதி வேகமாகப் பண்ணும்போது சிலருக்குத் தலை சுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஞாபகசக்தி. இங்கேதான் பெஹனன் வருகிறார். கோவூர் தாமஸ் பெஹனன் திருவிதாங்கூர்க்காரர். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரின் தம்பி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். 1930-களின் தொடக்கத்தில் லோனாவாலா வந்து குவலயானந்தாவிடம் மாணவராகச் சேர்ந்து யோகம் கற்றார். திரும்பிப் போய், தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டார். கூட்டல் கணக்கு, குறியீடு மாற்றுவது, புதிர் என்று வரிசையாகத் தேர்வுகள். பிராணாயாமத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. 1937-ல் புத்தகமாக வெளியிட்டார்.

பயிற்சி முடிந்த உடனே மூளை வேலையின் வேகம் கூடவில்லை. குறைந்திருந்தது. தேர்வு ஹாலுக்குள் போகும் முன்பு மூச்சுப் பயிற்சி செய்கிற நண்பர்கள் பயந்துடாதீங்க, அது ஒரே ஒரு ஆளிடம் செய்த சோதனை. அந்த மந்தத்தை அவர் ஒரு தளர்வு நிலையாகத்தான் பார்த்தார். ஆக்ஸிஜன் செலவையும் அளந்தார்: உஜ்ஜாயியில் 24.5 சதவீதம், பஸ்திரிகாவில் 18.5, கபாலபாதியில் 12 சதவீதம் கூடியிருந்தது. குருவின் நிலையத்திலிருந்து வந்த பேச்சுக்கு இது முழுசா ஒத்துப்போகலை. ஆனா இது உடம்பு எரித்த கணக்கு. மூச்சுவிடும் தசைகள் உழைத்தாலும் கூடும். மூளைக்குக் கூடுதலாகப் போனது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அளந்து பார்க்க வருகிறவர்களுக்கு லோனாவாலா கதவு திறந்தே இருந்தது. 1957-ல் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். டெல்லி எய்ம்ஸின் பி.கே. ஆனந்த் கூடச் சேர்ந்தார். லோனாவாலாவிலும் சோதனை, நம்ம மெட்ராஸிலும் சோதனை. மெட்ராஸில் சோதனைக்கு உட்பட்டவர் டி. கிருஷ்ணமாச்சாரியா, பி.கே.எஸ். அய்யங்காரின் குரு. இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்டவர்களிடம் நாடித் துடிப்பு மறைந்தது, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் ஈசிஜி கோடு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, துடிப்பு நிற்பதில்லை. நாடியைக் கையால் பிடித்துப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களிடம் இருந்த கருவிக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

அப்போ உடற்பயிற்சிக்கும் நினைவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. அது தெரிய வந்தது குவலயானந்தா காலத்துக்குப் பிறகு. 2011-ல் அமெரிக்காவில் எரிக்சன் குழு 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் கவனித்தது. வேகநடை போனவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. மற்ற குழுவுக்கு வயதுக்கு ஏற்பச் சுருங்கியது. அந்த மற்ற குழு செய்தது கை கால் நீட்டும் பயிற்சிகள். அதில் கொஞ்சம் யோகாவும் இருந்தது. இந்த முடிவு எல்லா ஆய்விலும் இதே அளவில் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். குவலயானந்தா இருந்திருந்தால் தன் பத்திரிகையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தன் ஆட்களை வைத்து மறுபடி அளந்திருப்பார் என்றுதான் தோணுது.

1951-ல் லோனாவாலாவில் யோகாவுக்கென்றே ஒரு கல்லூரி வந்தது. பம்பாய் மாகாணப் பள்ளிகளின் உடற்கல்வித் திட்டத்திலும் அவர் கை இருந்தது. மாணிக்ராவிடம் கற்றதை அவர் கடைசி வரை விடவில்லை. 1966 ஏப்ரல் 18-ம் தேதி, 82 வயதில் காலமானார். நிலையம் இன்னும் நடக்கிறது. யோக மீமாம்ஸாவும் வந்துகொண்டிருக்கிறது. லோனாவாலா பக்கம் இண்டஸ்ட்ரியல் விசிட் போனா, சிக்கி வாங்கிய கையோடு அங்கேயும் ஒரு நடை போய்ட்டு வாங்க.