எரிக் லிடெல்

எரிக் ஹென்றி லிடெல் (ஜனவரி 16, 1902 - பிப்ரவரி 21, 1945) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற தடகள வீரரும் ரக்பி ஆட்டக்காரரும் கிறித்தவ மறைபரப்பாளரும் ஆவார். 1924ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் பிரித்தானியாவின் சார்பில் கலந்துகொண்டு, 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கத்தையும் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தையும் வென்றார். தமது முதன்மைப் போட்டியான 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்ததால், சமய நம்பிக்கையின் காரணமாக அதில் ஓட மறுத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். இவரது வாழ்க்கையின் ஒரு பகுதியைத் தழுவி 1981இல் வெளிவந்த சாரியட்ஸ் ஆஃப் ஃபயர் என்னும் திரைப்படம் இவரை உலகெங்கும் மீண்டும் அறிமுகப்படுத்தியது.

பிறப்பும் கல்வியும்

லிடெல் வட சீனாவில் உள்ள தியான்சின் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜேம்ஸ் டன்லப் லிடெல், தாய் மேரி இருவரும் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சீனாவில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர்கள். நான்கு பிள்ளைகளுள் எரிக் இரண்டாமவர். ராபர்ட் மூத்தவர், ஜெனி, எர்னஸ்ட் இருவரும் இளையவர்கள்.

அக்காலத்தில் வெளிநாடுகளில் பணிபுரிந்த மறைபரப்பாளர்கள் தம் பிள்ளைகளைக் கல்விக்காகத் தாய்நாட்டு விடுதிப் பள்ளிகளில் சேர்ப்பது வழக்கம். அவ்வாறே எரிக் தமது ஆறாவது வயதில், எட்டு வயது ராபர்ட்டுடன், மறைபரப்பாளர் பிள்ளைகளுக்கென லண்டன் அருகே இயங்கிய பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னர் எல்தம் கல்லூரி எனப் பெயர்பெற்ற பள்ளி இதுவே. சிறுவர்களை அங்கே விட்டுவிட்டுப் பெற்றோர் சீனா திரும்பினர். அடுத்த பல ஆண்டுகள், பெற்றோர் விடுப்பில் வந்த நாட்கள் தவிர, இரு சகோதரர்களும் பள்ளியிலேயே வளர்ந்தனர். ஓட்டம், ரக்பி, கிரிக்கெட் ஆகியவற்றில் எரிக் சிறந்து விளங்கினார். பள்ளியின் ரக்பி, கிரிக்கெட் அணிகளுக்குத் தலைவராகவும் இருந்தார்.

1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார்.

ரக்பி

பல்கலைக்கழகத்தில் லிடெல் தடகளத்துடன் ரக்பியும் விளையாடினார். அணியின் ஓரப்பகுதியில், வேகம் மிகத் தேவைப்படும் இடத்தில் ஆடினார். 1922, 1923 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்து தேசிய அணிக்காக ஏழு பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். ஒலிம்பிக் போட்டிக்குத் தம்மை முழுமையாக ஆயத்தப்படுத்தும் பொருட்டு, அதன்பின் ரக்பியைக் கைவிட்டார்.

தடகளத்தில் வளர்ச்சி

லிடெலின் ஓடும் முறை அழகானதாகக் கருதப்படவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கைகளைத் தாறுமாறாக வீசி ஓடுவார். ஆயினும் அவரது வேகம் அக்குறைகளை மீறி நின்றது. டாம் மெக்கெர்ச்சர் என்பவர் இவருக்குப் பயிற்சியளித்தார்.

1923ஆம் ஆண்டு நடைபெற்ற பிரித்தானிய அமெச்சூர் தடகளச் சங்கத்தின் போட்டிகளில் 100 கெஜ ஓட்டத்தையும் 220 கெஜ ஓட்டத்தையும் வென்றார். 100 கெஜத்தை 9.7 விநாடிகளில் கடந்தார். இந்தப் பிரித்தானியச் சாதனை 23 ஆண்டுகள் நிலைத்தது. இதன் பிறகு, அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் பிரித்தானியாவுக்குத் தங்கம் பெற்றுத் தரக்கூடியவர் எனப் பலரும் இவரை எதிர்பார்த்தனர்.

அதே ஆண்டு சூலையில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து அணிகளுக்கிடையே நடந்த 440 கெஜ ஓட்டம் இவரது உறுதியைக் காட்டிய நிகழ்வாகும். ஓட்டம் தொடங்கிய சிறிது தூரத்திலேயே மற்றொருவருடன் மோதி லிடெல் தடத்திற்கு வெளியே விழுந்தார். எழுந்தபோது மற்றவர்கள் ஏறத்தாழ 20 கெஜம் முன்னே சென்றிருந்தனர். அவர்களைத் துரத்திச் சென்று, எல்லைக்கோட்டுக்குச் சற்று முன் முந்தி வெற்றி பெற்றார். பின்னர் களைப்பால் சரிந்து விழுந்தார். லிடெல் குறுந்தொலைவு ஓட்டக்காரர் மட்டுமல்லர் என்பதற்கு இது முன்னறிகுறியாக அமைந்தது.

இவ்வாண்டிலேயே லிடெல் பொதுக்கூட்டங்களில் தமது சமய நம்பிக்கை குறித்துப் பேசத் தொடங்கினார். சிறந்த பேச்சாளராக இல்லாவிடினும், புகழ்பெற்ற விளையாட்டு வீரர் என்பதால் இவரது பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல்

ஸ்காட்லாந்தின் சீர்திருத்தக் கிறித்தவ மரபில் ஞாயிற்றுக்கிழமை இறைவனுக்கு உரிய ஓய்வு நாளாகும். அந்நாளில் வேலையும் விளையாட்டும் தவிர்க்கப்பட வேண்டும் என்பது லிடெல் வளர்ந்த குடும்பத்தின் நெறி. பாரிசு ஒலிம்பிக்கின் கால அட்டவணை வெளியானபோது, 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று சூலை 6, ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் என அறிவிக்கப்பட்டிருந்தது. லிடெல் அதில் ஓட இயலாது எனத் தெரிவித்தார். தொடர் ஓட்டப் போட்டிகளும் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டதால் அவற்றிலிருந்தும் விலகினார்.

இம்முடிவின் விலை சிறியதன்று. 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் பிரித்தானிய அணி வெள்ளியும், 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலமும் வென்றது. எனவே மூன்று பதக்க வாய்ப்புகளை லிடெல் துறந்தார் எனலாம். நாட்டின் நலனை விடத் தம் நம்பிக்கையைப் பெரிதாக எண்ணுகிறார் என்ற குறைகூறலுக்கும் ஆளானார். ஆயினும் அவர் தமது முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பிறர் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதைக் கண்டித்ததுமில்லை. எஞ்சியிருந்த மாதங்களில் 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி பெற்றார்.

பாரிசு ஒலிம்பிக், 1924

சூலை 7 அன்று நடந்த 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் லிடெலின் சக நாட்டவரான ஹரால்ட் ஆபிரகாம்ஸ் 10.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். இரு நாட்களுக்குப் பின் நடந்த 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்காவின் ஜாக்சன் ஷோல்ஸ் முதலிடத்தையும் சார்லி பேடக் இரண்டாம் இடத்தையும் பெற, லிடெல் மூன்றாவதாக வந்து வெண்கலம் வென்றார். ஆபிரகாம்ஸ் இதில் ஆறாவதாக வந்தார். லிடெலும் ஆபிரகாம்ஸும் ஒரே இறுதி ஓட்டத்தில் மோதிய ஒலிம்பிக் போட்டி இதுவே.

400 மீட்டர் ஓட்டத்தில் லிடெல் வெல்வார் எனப் பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. கால் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஜோசப் இம்பாக் 48.0 விநாடிகளிலும், அரையிறுதியில் அமெரிக்காவின் ஹொரேஷியோ ஃபிட்ச் 47.8 விநாடிகளிலும் ஓடி அடுத்தடுத்துச் சாதனை படைத்திருந்தனர். சூலை 11 அன்று கொலம்ப் விளையாட்டரங்கில் நடந்த இறுதி ஓட்டத்தில் லிடெலுக்கு வெளிப்புறத் தடம் கிடைத்தது. இத்தடத்தில் ஓடுபவர் மற்றவர்களுக்கு முன்னால் நின்று புறப்படுவதால், போட்டியாளர்களின் வேகத்தைக் கண்டு தம் வேகத்தைக் கணக்கிட முடியாது. எனவே இது பாதகமான தடமாகக் கருதப்பட்டது.

400 மீட்டர் ஓட்டத்தில் முதற்பாதியில் ஆற்றலைச் சேமித்து, இறுதியில் விரைவது அக்கால வழக்கம். லிடெல் தொடக்கத்திலிருந்தே குறுந்தொலைவு ஓட்டம் போல முழு வேகத்தில் ஓடினார். முதல் 200 மீட்டரை 22.2 விநாடிகளில் கடந்தார். இவ்வேகத்தில் சென்றவர் கடைசி நேர்த்தடத்தில் தளர்ந்துவிடுவார் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவர் முன்னிலையை மேலும் அதிகரித்து 47.6 விநாடிகளில் எல்லைக்கோட்டைக் கடந்தார். ஃபிட்ச் 48.4 விநாடிகளில் இரண்டாவதாகவும், பிரித்தானியாவின் கை பட்லர் 48.6 விநாடிகளில் மூன்றாவதாகவும் வந்தனர். இம்பாக் ஓட்டத்தின் இடையில் விழுந்துவிட்டார்.

லிடெலின் நேரம் புதிய ஒலிம்பிக் சாதனையாக அமைந்தது. 1932இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இது முறியடிக்கப்பட்டது. ஐரோப்பியச் சாதனையாக 1936 வரை நிலைத்தது.

அதே மாதம் எடின்பரோ பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் லிடெல் அறிவியல் பட்டம் பெற்றார். விழாவில் அவருக்கு இலைகளால் ஆன மகுடம் சூட்டப்பட்டது. சக மாணவர்கள் அவரைத் தோளில் சுமந்து ஊர்வலமாகச் சென்றனர்.

சீனாவில் பணி

புகழின் உச்சியில் இருந்தபோதே லிடெல் தடகளத்திலிருந்து விலகத் தீர்மானித்தார். 1925 சூன் மாதம் ஸ்காட்லாந்துத் தேசியப் போட்டிகளில் 100, 220, 440 கெஜ ஓட்டங்கள் மூன்றிலும் வென்றபின், அவ்வாண்டே சீனாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23.

தியான்சினில் உள்ள ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். சில உள்ளூர்ப் போட்டிகளில் மட்டும் ஓடினார். 1932இல் விடுப்பில் ஸ்காட்லாந்து சென்றபோது குருத்துவப் பட்டம் பெற்றார். 1934 மார்ச்சு 27 அன்று கனடா நாட்டு மறைபரப்பாளர்களின் மகளான ஃபுளோரன்ஸ் மெக்கென்சியைத் தியான்சினில் மணந்தார். இவர்களுக்குப் பட்ரீசியா, ஹெதர், மொரீன் என மூன்று பெண்கள் பிறந்தனர்.

1937இல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போரைத் தொடங்கியது. அக்காலகட்டத்தில் லிடெல் நகரப் பணியை விட்டு, சியாவ்சாங் என்னும் ஏழ்மை மிக்க ஊரகப் பகுதிக்குச் சென்றார். அண்ணன் ராபர்ட் அங்குள்ள மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். ஜப்பானியப் படைகளும் சீனப் படைகளும் மாறி மாறி நடமாடிய ஊர்களில் மிதிவண்டியிலும் நடந்தும் சென்று மக்களைச் சந்தித்தார். காயமுற்றுக் கைவிடப்பட்டிருந்தவர்களை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நிலைமை மோசமடைந்ததால் 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். தாம் பணியைத் தொடர்வதற்காகத் தங்கிவிட்டார். மூன்றாவது மகள் மொரீன் கனடாவில் பிறந்தார். லிடெல் அக்குழந்தையைக் காணவேயில்லை.

முகாம் வாழ்க்கையும் மரணமும்

1943 மார்ச்சில் லிடெல் சாண்டுங் மாகாணத்தில் இருந்த வெய்சியன் தடுப்பு முகாமில் ஜப்பானியரால் அடைக்கப்பட்டார். முன்னர் அமெரிக்க மறைபரப்பாளர்களின் வளாகமாக இருந்த அவ்விடத்தில் சுமார் 1,500 வெளிநாட்டவர் நெருக்கடியில் வாழ்ந்தனர். பெற்றோரைப் பிரிந்த பள்ளிச் சிறுவர்கள் பலரும் அவர்களுள் இருந்தனர். சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்து விடுதியில் வளர்ந்த லிடெல், இச்சிறுவர்களுக்குப் பெரிதும் துணையாக இருந்தார். அவர்களுக்கு அறிவியல் கற்பித்தார். விளையாட்டுப் போட்டிகளை நடத்தினார். உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டிச் சரிசெய்து கொடுத்தார். முதியவர்களுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் சுமந்தார்.

முகாமிலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பற்றிய கேள்வி எழுந்தது. லிடெல் தமது நெறிப்படி அந்நாளில் போட்டிகளை நடத்த முதலில் இணங்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தாமாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாததால் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிடெல் தாமே நடுவராக நின்றார். ஒலிம்பிக் தங்கத்திற்காகத் தளர்த்தாத நெறியைச் சிறுவர்களுக்காகத் தளர்த்தினார் என்பது இவரது வரலாற்றில் பலராலும் நினைவுகூரப்படும் செய்தியாகும்.

1944இன் இறுதியில் கடும் தலைவலியும் சோர்வும் அவரை வாட்டின. மிகுதியான உழைப்பும் குடும்பப் பிரிவும் காரணம் எனக் கருதப்பட்டது. 1945 பிப்ரவரி 21 அன்று முகாம் மருத்துவமனையில் தமது 43ஆம் வயதில் காலமானார். மூளையில் கட்டி இருந்தது இறப்பிற்குப் பின்னரே உறுதியானது. அவ்வாண்டு ஆகஸ்டில் முகாம் விடுவிக்கப்பட்டது. மரணச் செய்தி மே மாதத்தில்தான் கனடாவில் இருந்த மனைவிக்குக் கிட்டியது.

திரைப்படமும் வரலாறும்

சாரியட்ஸ் ஆஃப் ஃபயர் சிறந்த படத்திற்கான விருது உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளை வென்றது. இயன் சார்ல்சன் லிடெலாக நடித்தார். திரைக்கதையின் தேவைக்காகச் சில நிகழ்வுகள் மாற்றப்பட்டுள்ளன. தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதை லிடெல் பாரிசுக்குக் கப்பலேறும் வேளையில் அறிவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் பல மாதங்களுக்கு முன்பே அதனை அறிந்து முடிவெடுத்திருந்தார். சக வீரர் ஒருவர் தமது 400 மீட்டர் இடத்தை விட்டுக்கொடுப்பதாக வரும் காட்சியும் கற்பனையே. ஓடுவதைத் தங்கை ஜெனி எதிர்த்ததாகக் காட்டப்படுவதும் வரலாற்றுடன் பொருந்தாது.

நினைவுச் சின்னங்கள்

லிடெலின் உடல் முகாம் வளாகத்திலேயே மரச்சிலுவை நாட்டி அடக்கம் செய்யப்பட்டது. வெய்சியன் இன்று வெய்ஃபாங் நகரின் பகுதியாக உள்ளது. 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால், ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல்லில் நினைவுக்கல் அங்கே நிறுவப்பட்டது. எடின்பரோவில் ஒரு சமூகநல மையமும், எல்தம் கல்லூரியில் விளையாட்டு மையமும் இவரது பெயரைத் தாங்குகின்றன. 2002இல் ஸ்காட்லாந்து விளையாட்டுப் புகழ் மன்றம் தொடங்கப்பட்டபோது அதில் முதலில் சேர்க்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். சீனாவில் பிறந்தவர் என்பதால் இவரைச் சீனாவின் முதல் ஒலிம்பிக் தங்க வீரராகக் கருதுவோரும் உண்டு.

முக்கியச் சாதனைகள்

- 1922-1923: ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஏழு பன்னாட்டுப் போட்டிகள்
- 1923: 100 கெஜம், 9.7 விநாடிகள், பிரித்தானியச் சாதனை
- 1924: ஒலிம்பிக் 200 மீட்டர், 21.9 விநாடிகள், வெண்கலப் பதக்கம்
- 1924: ஒலிம்பிக் 400 மீட்டர், 47.6 விநாடிகள், தங்கப் பதக்கம், ஒலிம்பிக் சாதனை
- 1925: ஸ்காட்லாந்துத் தேசியப் போட்டிகளில் 100, 220, 440 கெஜ ஓட்டங்களில் முதலிடம்